சகாய மாதா படத்தில் அந்தச் செருப்பை அழிக்காதீர்கள்

பங்குத்தந்தையர்களுக்கும், பங்குப் பேரவை உறுப்பினர்களுக்கும், திருவிழாக் குழுவில் ராப்பகலாக ஓடியாடும் அண்ணன்மார் அக்காமார் எல்லோருக்கும்,

இயேசுவுக்கே புகழ், மரியே வாழ்க.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். இடைவிடா சகாய மாதாவின் படத்தைப் பேனருக்கோ காலண்டருக்கோ நவநாள் புத்தக அட்டைக்கோ கொடுக்கும்போது அதில் கை வைக்காதீர்கள். குழந்தை இயேசுவின் காலிலிருந்து நழுவித் தொங்கும் செருப்பை அழிக்க வேண்டாம். மேல் மூலைகளில் இருக்கும் இரண்டு தூதர்களை வெட்ட வேண்டாம். குழந்தையின் முகத்தை நம் பக்கம் திருப்பிச் சிரிக்க வைக்க வேண்டாம். இந்த மூன்றும் போய்விட்டால் மிஞ்சுவது யாரோ ஒரு தாயும் பிள்ளையும்தான், புதன்கிழமைதோறும் நவநாள் ஜெபத்தில் நாம் முழந்தாளிட்டுப் பார்க்கிற மாதா இல்லை.

எங்கள் பங்கில் போன திருவிழாவுக்குக் கோவில் வாசலில் வைத்த பெரிய பேனரில் இந்த மூன்றுமே நடந்தன. தூதர்கள் இருக்க வேண்டிய இரண்டு மூலைகளிலும் நன்கொடையாளர்களின் போட்டோக்கள். குழந்தையின் இரண்டு பாதங்களும் வெறுமையாக, பளிச்சென்று இருந்தன. குழந்தை நம்மைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. செயற்கை நுண்ணறிவு ஆப் ஒன்றில் போட்டு இன்னும் அழகாக்கியதாகச் சொன்னார்கள். செருப்பு எங்கே என்று கேட்டேன். குழுவில் ஒருவர் நல்ல மனதோடுதான் பதில் சொன்னார்: "சாமி கால்ல செருப்பு எதுக்கு? நாமளே வெளிய கழட்டிட்டுத்தான உள்ள வர்றோம்." அவர் மேல் எனக்குக் கொஞ்சமும் கோபமில்லை, மரியாதையில் செய்தது அது. ஆனால் அந்த மரியாதைதான் படத்தின் வாயை அடைத்துவிட்டது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் படம் நம் கைக்கு வந்த கதையைக் கொஞ்சம் சொல்கிறேன். அது கிரீட் தீவின் ஓவிய மரபைச் சேர்ந்தது, கீழைத் திருச்சபையின் முறைப்படி மரப்பலகையில் வரைந்தது. ஏறத்தாழ 54 செ.மீ. உயரம், 41 செ.மீ. அகலம், அவ்வளவுதான், நம் வீட்டுச் சுவரில் மாட்டுகிற படங்கள் பலவற்றைவிடச் சிறியது. கிரீட்டிலிருந்து ஒரு வணிகர் அதைத் தூக்கிக்கொண்டு உரோமுக்கு வந்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. 1499 மார்ச் 27 அன்று உரோமில் புனித மத்தேயு கோவிலில் வைத்தார்கள், அங்கே ஏறக்குறைய 300 வருடம் இருந்தது. பிறகு பிரெஞ்சுப் படைகள் உரோமைப் பிடித்திருந்த காலத்தில் அந்தக் கோவில் இடிபட்டது. படம் அகுஸ்தீனார் சபைத் துறவிகளோடு இடம் மாறி, கடைசியில் ஒரு மடத்துச் சிற்றாலயத்தில் யாரும் கவனிக்காமல் இருந்தது. அங்கே பூசைக்கு உதவ வந்துபோன ஒரு பையனிடம், பார்வை மங்கிப்போன வயதான சகோதரர் ஒருவர், இது பழைய மத்தேயு கோவில் மாதா, மறந்துவிடாதே என்று அடிக்கடி சொல்லி வைத்திருந்தார். அந்தப் பையன், மிக்கேல் மார்க்கி, வளர்ந்து ரெடம்ப்டரிஸ்ட் என்ற துறவற சபையில் குருவானார். பழைய கோவில் இருந்த அதே தெருவில் அவர் சபையார் புனித அல்போன்சு கோவிலைக் கட்டியிருந்தார்கள். அவருடைய ஞாபகத்தை வைத்துத்தான் படம் வெளியே வந்தது. திருத்தந்தை ஒன்பதாம் பயஸ் அதை ரெடம்ப்டரிஸ்ட் சபையாரிடம் ஒப்படைத்து உலகமெங்கும் அறியச் செய்யச் சொன்னார்; 1866 ஏப்ரல் 26 அன்று உரோம் தெருக்களில் பவனியாகக் கொண்டுபோய் வைத்தார்கள். அதற்கப்புறம் பிரதிகள் போகாத நாடில்லை. மும்பை மாகிமில் 1948-இல் தொடங்கிய புதன்கிழமை நவநாள் இன்றும் நடக்கிறது. நம் பக்கம் சகாய மேரியும் சகாயராஜும் இல்லாத பங்கு உண்டா?

ஒரு கிழவர் ஒரு சிறுவனிடம் ஒரு படத்தைக் காட்டிப் பேசியதால் நமக்குக் கிடைத்தது இது. நம் மறைக்கல்வி வகுப்பில் யாராவது இந்தப் படத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டிப் பேசுகிறோமா?

சரி, படத்துக்கு வருவோம். உங்கள் வீட்டில் பாட்டி காலத்துப் பிரதி இருந்தால் எடுத்து வைத்துக்கொண்டு படியுங்கள்.

பின்னால் வானமில்லை, மரமில்லை, மாடத்து மெழுகுதிரி இல்லை, முழுக்கப் பொன். கீழை மரபில் பொன் என்றால் சூரியனிலிருந்தோ விளக்கிலிருந்தோ வராத வெளிச்சம், கடவுளுடைய வெளிச்சம். அதனால்தான் யாருக்கும் நிழல் விழவில்லை. இந்த இடத்தில் மேகத்தையும் ரோஜாப்பூவையும் கொண்டுவந்து போட்டால் படம் ஒரு பகல் பொழுதுக்குள், ஒரு தோட்டத்துக்குள் இறங்கிவிடுகிறது. மாதாவின் தலைக்கு இருபக்கமும் உள்ள கிரேக்க எழுத்துகள் 'கடவுளின் தாய்' என்பதன் சுருக்கம், குழந்தைக்குப் பக்கத்தில் இருப்பவை இயேசு கிறிஸ்து என்பதன் சுருக்கம். டிசைனர்கள் இவற்றைக் கறை என்று நினைத்து அழித்துவிடுகிறார்கள், சில சமயம் படத்தை இடம் வலமாகப் புரட்டிப் போட்டு எழுத்தெல்லாம் கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பிக் கிடக்கிறது. சரியான படத்தில் குழந்தை மாதாவின் இடக்கையில் இருக்கும், அதாவது பார்க்கிற நமக்கு வலப்பக்கம்.

இப்போது தூதர்கள். நமக்கு இடப்பக்கம் இருப்பவர் மிக்கேல். அவரிடம் ஈட்டி, கோலில் செருகிய கடற்பஞ்சு, காடிப் பாத்திரம். வலப்பக்கம் கபிரியேல், அவரிடம் சிலுவையும் ஆணிகளும். நாசரேத்தில் மங்களச் செய்தி கொண்டுவந்த அதே கபிரியேல்தான் இங்கே சிலுவையைக் கொண்டுவருகிறார். இதை முதல்முதலாகக் கவனித்த அன்று எனக்கு, அந்த மங்களச் செய்தியைத் தியானிக்கிற ஜெபமாலையின் முதல் மறைபொருளைச் சொல்லவே நாக்கு எழவில்லை. இன்னும் கிட்டே போய்ப் பாருங்கள், இரண்டு தூதர்களும் அந்தப் பொருள்களை வெறுங்கையால் தொடவில்லை, கைகளைத் துணியால் மூடிப் பிடித்திருக்கிறார்கள். நற்கருணை ஆசீரின்போது நம் சாமியார் தோளில் போர்த்திய நீளத் துணியால் கையை மூடிக்கொண்டு கதிர்ப்பாத்திரத்தை எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே மரியாதை. கொலைக்கருவிகளுக்கு இந்த மரியாதை ஏன் என்று ஆறாம் வகுப்புப் பிள்ளை கேட்டால், பெரிய வெள்ளி முழுவதையும் அந்த ஒரு கேள்வியிலிருந்தே சொல்லிக்கொடுத்துவிடலாம். நாமோ அந்த மூலைகளில் ஆட்களின் போட்டோவை ஒட்டுகிறோம். நன்கொடை கொடுத்தவர்களுக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும், பேனரின் அடியில் பெயர் போடுங்கள், பூசையில் அறிவியுங்கள், அவர்களுக்காகப் பூசைக் கருத்து வையுங்கள். மிக்கேலையும் கபிரியேலையும் எடுத்துவிட்டு அந்த இடத்தைத் தர வேண்டும் என்று அவர்களே கேட்டிருக்க மாட்டார்கள்.

தூதர்கள் இருந்தால்தான் குழந்தையின் முகம் புரியும். குழந்தை அம்மாவைப் பார்க்கவில்லை, நம்மையும் பார்க்கவில்லை. தலையைத் திருப்பி, தோளுக்கு மேலாக, கபிரியேல் பக்கம் பார்க்கிறது. சிலுவையைப் பார்த்துவிட்டது. பயந்து ஓடிவந்து அம்மா கையில் ஏறிக்கொண்டது, வந்த வேகத்தில் ஒரு செருப்பின் வார் அவிழ்ந்து, பாதத்திலிருந்து நழுவி, விழப்போகிற நிலையில் தொங்குகிறது. காலங்காலமாக விசுவாசிகள் இப்படித்தான் இதைப் படித்து வந்திருக்கிறார்கள். அந்த ஓட்டத்துக்குச் சாட்சி செருப்பு ஒன்றுதான். மற்றதெல்லாம் அசையாமல் இருக்கிறது, மாதா அசையவில்லை, பொன் அசையவில்லை. ஒரு கணம் முன்னால் என்ன நடந்தது, அடுத்த கணம் என்ன நடக்கும் என்று சொல்வது அந்தச் சின்னச் செருப்பு.

சாமி காலில் செருப்பு எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு விவிலியத்திலிருந்தே பதில் இருக்கிறது. ரூத்து 4:7-ஐ எடுத்துப் பாருங்கள். இஸ்ரயேலில் நிலத்தை மீட்பதற்கும் உரிமையை மாற்றிக் கொடுப்பதற்கும் ஒருவர் தம் மிதியடியைக் கழற்றி மற்றவரிடம் கொடுப்பது வழக்கம், அதுதான் பத்திரம். போவாசு ரூத்தை ஏற்றுக்கொண்டதும் அந்த முறையில்தான், அந்த வம்சத்தில்தான் தாவீது வருகிறார், இயேசு வருகிறார். கழன்று விழும் செருப்பில் மீட்பின் அடையாளத்தைப் பார்த்தவர்கள் இதை வைத்துத்தான் பார்த்தார்கள். அவருடைய மிதியடி வாரை அவிழ்க்கக்கூடத் தமக்குத் தகுதியில்லை என்று திருமுழுக்கு யோவான் சொன்னது யோவான் நற்செய்தி முதல் அதிகாரத்தில் இருக்கிறது. யோவான் தொடவே தயங்கிய வாரை நாம் மவுசால் அழித்துக்கொண்டிருக்கிறோம்.

படத்தின் நடுவில் இருப்பது கைகள். ஓவியர் அதைத் தற்செயலாகச் செய்யவில்லை. குழந்தை தன் இரண்டு கைகளாலும் அம்மாவின் வலக்கையைப் பற்றியிருக்கிறது. ஆனால் மாதாவின் விரல்கள் மூடவில்லை, திறந்தே இருக்கின்றன. நம் அம்மாக்கள் என்ன செய்வார்கள்? பயந்து ஓடிவந்த பிள்ளையை இறுக்கிக் கட்டிக்கொள்வார்கள், அந்தப் பக்கம் பார்க்காதே என்று முகத்தைத் தன் தோளில் புதைத்துக்கொள்வார்கள். இந்தத் தாய் தாங்கிக்கொண்டிருக்கிறாள், ஆனால் பிடித்து நிறுத்தவில்லை. அதே கை குழந்தையைச் சுட்டிக்காட்டவும் செய்கிறது, என்னைப் பார்க்காதே, இவரைப் பார் என்று. கீழை மரபில் மாதாவை வழிகாட்டும் அன்னையாக வரைவது மிகப் பழைய முறை, இந்தப் படத்தின் அடிப்படையும் அதுதான். அந்த அமைப்போடு சிலுவைப்பாடுகளைச் சேர்த்து வரையும் முறையைப் பரப்பியது கிரீட் ஓவியர்களின் பெரிய சாதனை என்றே சொல்வேன். 15-ஆம் நூற்றாண்டு கிரீட் ஓவியர் அந்திரேயாஸ் ரிட்சோஸ் இதே அமைப்பில் மாதாவை வரைந்து பேர்பெற்றவர்.

அப்புறம் மாதாவின் கண்கள். பிள்ளை பயந்து நிற்கும்போதும் அவள் நம்மைத்தான் பார்க்கிறாள். சிரிக்கவில்லை. புதன்கிழமை நவநாளுக்கு யார் வருகிறார்கள் என்று உங்களுக்கே நன்றாகத் தெரியும், மன்றாட்டுப் பெட்டியில் விழும் சீட்டுகளைப் பிரித்துப் படிப்பவர்கள் நீங்கள்தானே. பிள்ளைக்கு வேலை கிடைக்க வேண்டும், ஸ்கேன் ரிப்போர்ட் நல்லபடியாக வர வேண்டும், வீட்டுக்காரர் குடியை விட வேண்டும், கடலுக்குப் போனவர் திரும்பி வர வேண்டும். இப்படி வந்து நிற்கிறவர்களுக்கு முன்னால் சிரித்த முகத்தோடு ஒரு தாயையும் பிள்ளையையும் வைத்தால் அவர்களுடைய பயத்துக்கு அந்தப் படத்தில் இடமே இல்லை. உண்மையான படத்தில் கடவுளே பயந்திருக்கிறார். கெத்சமனித் தோட்டத்தில் வேர்த்தவர் இங்கே குழந்தையாகவே நடுங்குகிறார், அவருக்கும் பிடித்துக்கொள்ள ஒரு கை தேவைப்படுகிறது. என் அம்மா ஆபரேஷனுக்குப் போவதற்கு முந்தின இரவு முழுக்க இந்தப் படத்தைத்தான் மடியில் வைத்திருந்தார். அது சிரிக்கும் படமாக இருந்திருந்தால் வைத்திருப்பாரா என்று எனக்குச் சந்தேகம்தான்.

கிரீடத்துக்காக நான் சண்டை போட மாட்டேன். 1867-இல் உரோமில் முறைப்படி முடிசூட்டினார்கள், அதனால் பழைய பிரதிகள் பலவற்றில் கிரீடம் இருக்கும். ஓவியர் வரைந்தது முக்காடும் நெற்றியில் நட்சத்திரமும்தான். இருந்தாலும் கிரீடம் எதையும் மறைத்துப் பொய் சொல்லவில்லை. மூலப் படத்திலேயே கை வைத்திருக்கிறார்களே என்று சிலர் கேட்கலாம். ஆமாம், 1866-இல் பொதுமக்கள் முன் வைப்பதற்கு முன்னால் லியோபோல்டு நோவோட்னி என்ற போலந்து ஓவியர் பழுதுபார்த்தார். பழுதுபார்ப்பது என்றால் இருந்ததைக் காப்பாற்றுவது. அவர் செருப்பைப் பார்த்து முகம் சுளிக்கவில்லை, ஈட்டியை எடுத்துவிட்டுப் பூங்கொத்து கொடுக்கவில்லை.

இன்னொரு குழப்பமும் நடக்கிறது. ஜூன் 27 திருவிழாவுக்கு மே 24 மாதாவின் படத்தைப் போட்டுவிடுகிறார்கள். இரண்டு பேரையும் நாம் சகாய மாதா என்றே கூப்பிடுவதால் வரும் வினை. மே 24-க்கு உரியவர் கிறிஸ்தவர்களின் சகாய அன்னை, சலேசிய சபையைத் தொடங்கிய புனிதர் தொன் போஸ்கோ பக்தியாய் வணங்கிய மாதா. அந்தப் படத்தைத் தொமாசோ லொரென்சோனே என்பவர் தூரின் பேராலயத்துக்காக வரைந்தார், 7 மீட்டருக்கும் மேல் உயரம். அதில் மாதா அரசியாக நின்றுகொண்டிருப்பார், கையில் செங்கோல், குழந்தை கைகளை விரித்திருக்கும், கீழே திருத்தூதர்கள் கூட்டமாக. வெற்றியின் படம் அது, அண்ணாந்து பார்க்க வேண்டும். நம்முடையது மடியில் வைத்துக்கொள்கிற படம். இரண்டும் வேண்டும்தான், ஆனால் ஒன்றின் இடத்தில் மற்றதை வைத்தால் நவநாளில் சொல்கிற ஜெபமும் எதிரே இருக்கும் படமும் ஒட்டாது. இறை இரக்கத்தின் ஆண்டவர் படமும் இப்படித்தான் அடிபடுகிறது. 1934-இல் வில்னியூசில் வரைந்த முதல் படத்தில் இரண்டே கதிர்கள், சிவப்பு இரத்தத்துக்கு, வெளிறியது தண்ணீருக்கு, சிலுவையில் குத்தப்பட்ட விலாவிலிருந்து வந்தவை. நாம் அதை வானவில் ஆக்கிவிட்டோம்.

வெட்டுகிறவர்கள் யாரும் படத்துக்கு விரோதிகள் இல்லை என்பது எனக்குத் தெரியும். நம் சாப்பாட்டு அறைகளில் தொங்கும் கடைசி இராவுணவுப் படம், லியோனார்தோ தா வின்சி மிலான் மடத்துச் சாப்பாட்டறைச் சுவரில் வரைந்தது, அதற்கு நடந்ததைப் பாருங்கள். இயேசுவின் தலைக்குப் பின்னால் ஒளிவட்டம் போடாமல் ஜன்னல் வெளிச்சத்தை வைத்தார், அறையின் கோடுகள் எல்லாம் இயேசுவின் முகத்துக்கே போய்ச் சேரும்படி அமைத்தார், பன்னிரண்டு பேரை மூன்று மூன்றாகக் கூட்டி அதிர்ச்சியை அலையாக ஓடவிட்டார். 1652-இல் சுவரில் கதவு திறக்க வேண்டும் என்று இடித்தார்கள், இயேசுவின் பாதங்கள் போய்விட்டன. இடித்தது அந்த மடத்தைச் சேர்ந்தவர்கள்தான், தினமும் அந்தப் படத்துக்குக் கீழே உட்கார்ந்து சாப்பிட்டவர்கள். அவர்களுக்கு வசதியாக ஒரு கதவு தேவைப்பட்டது, அவ்வளவுதான். அந்தப் பாதங்கள் எப்படி இருந்தன என்று தெரிந்துகொள்ள இன்று பழைய பிரதிகளைத் தேடிப் போக வேண்டியிருக்கிறது.

புதிதாக வரையவே கூடாது என்று நான் சொல்லவில்லை, தயவுசெய்து அப்படி எடுத்துக்கொள்ளாதீர்கள். கோவாவில் பிறந்த ஆஞ்செலோ த ஃபொன்சேக்கா (1902–1967) சாந்திநிகேதனில் அபனீந்திரநாத் தாகூரிடம் படித்துவிட்டு வந்து மாதாவுக்குப் புடவை கட்டி வரைந்தார். அதற்காகச் சொந்த ஊர்க்காரர்களிடமே ஏச்சு வாங்கினார். அவர் பழைய படங்களை முழுக்கப் படித்தவர், எதை மாற்றுகிறோம், எதற்காக மாற்றுகிறோம் என்று தெரிந்து மாற்றியவர். நம் ஊரிலும் அப்படி வரையக்கூடிய பிள்ளைகள் இருக்கிறார்கள், கூப்பிட்டு வேலை கொடுங்கள், நம் கடலையும் பனையையும் நம் பெண்களின் முகத்தையும் வைத்து ஒரு வியாகுல மாதாவை வரையட்டும், முதல் ஆளாக வந்து நின்று பார்ப்பேன். ஒரு பழைய படத்தை ஆப்பில் போட்டு, அதில் எது கண்ணை உறுத்துகிறதோ அதை எல்லாம் துடைத்துவிட்டு, அதற்கும் சகாய மாதா என்றே பேர் வைப்பதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

நடைமுறைக்கு வருகிறேன். அகலமான பேனருக்குள் உயரமான படத்தைத் திணிக்கும்போதுதான் தூதர்கள் வெட்டுப்படுகிறார்கள். படத்தை முழுசாக ஒரு பக்கம் வைத்துவிட்டு மீதி இடத்தில் நிகழ்ச்சி நிரலைப் போடச் சொல்லுங்கள். பிரஸ்ஸிலிருந்து புரூப் வாட்ஸ்அப்பில் வந்ததும் அனுப்பிவிடாமல் செருப்பு, தூதர்கள், குழந்தையின் பார்வை ஆகியவற்றைச் சரிபார்த்த பிறகு ஓகே சொல்லுங்கள். பழைய பிரதிகளில் பூச்சி அரித்திருந்தால் எனாமல் பெயின்ட் அடிக்க யாரையும் விடாதீர்கள், கண்ணாடி மாற்றிச் சட்டம் போட்டாலே பாதி உயிர் வரும். நவநாள் மறையுரையில், ஃபாதர், வருடத்தில் ஒரு புதன்கிழமையாவது படத்தையே எடுத்துப் பேசுங்கள்.

மறைக்கல்விப் பிள்ளைகளுக்கு வெட்டாத, திருத்தாத படம் ஒன்றை அஞ்சலட்டை அளவில் அச்சிட்டுக் கொடுக்கலாம் என்று எங்கள் அன்பியத்தில், அதாவது பக்கத்துக் குடும்பங்கள் கூடும் ஜெபக் குழுவில், பேசியிருக்கிறோம். ஒரு பெரிய பேனருக்கு ஆகும் செலவில் ஒரு பங்குப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் அடித்துவிடலாம். எந்தப் பங்கு செய்ய முன்வந்தாலும் சொல்லுங்கள், ஒரு ஞாயிறு வந்து பிள்ளைகளோடு உட்கார்ந்து படத்தைக் காட்டிப் பேச நான் தயார்.

அன்புடன்,
ஒரு மறைக்கல்வி ஆசிரியர்